பரளச்சி நீட்டு

காளீஸ்வரன் தெருவில் திரும்புவதற்கு முன்னாலேயே அவனுடைய தும்மல் வீட்டுக்கு வந்துவிடும். அருப்புக்கோட்டையில் ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் எடை போடுகிற வேலை அவனுக்கு. மூட்டை பிரிக்கும்போது எழும்புகிற நெடியில் நின்று நின்று, மூக்கு அவன் பேச்சைக் கேட்பதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போன அன்றைக்கும் காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்கடுக்காகத் தும்மினான். பெண்ணின் தகப்பனார், "மாப்பிள்ளைக்குச் சளியா?" என்று கேட்டார். "இல்ல மாமா, உத்தியோகம்" என்றான். உள்ளே இருந்து கனகலட்சுமி சிரித்தது கூடத்துக்குக் கேட்டது. அந்தச் சிரிப்புக்காகத்தான் சரி என்று சொன்னதாகப் பிற்பாடு அவன் சொல்லிக்கொள்வான்.

அவனுக்கு இருந்த ஒரே கிறுக்கு, நீட்டு.

எண்பதுகளின் நடுவில் அந்தப் பக்கத்து அம்மன் கோயில் பொங்கல் விழாக்களில் 'ஜெட் பிரதர்ஸ் இன்னிசைக் குழு' என்று ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது. அதில் அண்ணன் தம்பி என்று எவரும் கிடையாது. முக்கியமான ஆட்கள் இரண்டு பேர்: கிடார் வாசித்த அருஞ்சுனை, உறுமி அடித்த மொக்கையன். எல்லாக் குழுக்களையும் போலச் சினிமாப் பாட்டில்தான் தொடங்குவார்கள். கூட்டம் நிறைந்து, சலித்து, பாயைச் சுருட்டலாமா என்று யோசிக்கிற நேரமாகப் பார்த்து அருஞ்சுனை காலடியில் இருக்கிற பெட்டியை மிதிப்பான். கிடார்ச் சத்தம் வழியும், சுழலும், தன் எதிரொலியோடு தானே வழக்காடும். தூத்துக்குடியிலிருந்து கப்பல் வேலைக்குப் போன அவன் சித்தப்பா கொண்டுவந்த கேசட்டுகளில் கேட்டுப் பழகிய வித்தை அது. தலைமுடி வளர்த்த வெள்ளைக்காரர்கள், எந்தப் பாட்டைத் தொடங்கினோம் என்பதே மறந்துபோகிற மட்டும் வாசிக்கிற வகை. அருஞ்சுனை அதற்கடியில் மொக்கையனின் உறுமியை விட்டான். வார்த்தை கிடையாது, பல்லவி கிடையாது, முடிவு எங்கே என்று வாசிக்கிறவர்களுக்கே தெரியாது. ஓர் ஊரில் வாசித்ததை மறு ஊரில் வாசித்ததும் இல்லை. அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. கேட்டவர்கள் 'நீட்டு' என்றார்கள்.

நீட்டுக்காகவே ஊர் ஊராகப் போன ஏழெட்டுப் பேரில் காளீஸ்வரன் ஒருவன். கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு நிற்பதுபோல டேப் ரெக்கார்டரை இடுக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் நின்று பதிவார்கள். பதிவுக்கு ஊர்ப் பெயரே பெயர். மல்லாங்கிணறு நீட்டில் கிடார் இழுத்து இழுத்து அழும். ரெட்டியபட்டி நீட்டில் பாதியில் தூறல் விழுந்து பந்தல் தகரம் சடசடக்கும். ஒருவர் கேசட் இன்னொருவருக்கு பஸ் கண்டக்டர் கையில் போகும். காப்பி எடுப்பதென்றால் இரண்டு டேப்பை முகத்துக்கு முகம் வைத்து, கதவைச் சாத்தி, கொல்லையில் நிற்கும் சேவலைக் கூடையால் கவிழ்த்து மூடிவிட்டு, மூச்சு விடாமல் உட்கார வேண்டும். அப்படியும் ஏதாவதொரு வீட்டுச் சத்தம் உள்ளே புகுந்துவிடும். குக்கர் விசில் கேட்டால் ரெட்டியபட்டி செல்லப்பாண்டி வீட்டுக் காப்பி. தையல் மிஷின் ஓடினால் மல்லாங்கிணறு நல்லகண்ணு. யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்லை. விருந்துக்குப் போன வீட்டு வாசனை சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற மாதிரி அது.

நல்லகண்ணுவின் தையல்கடையில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவார்கள். தைத்த துணி வாங்க வருகிறவர்கள் சற்று நின்று கேட்டுவிட்டு, "ஏப்பா, இது பாட்டா, இல்ல கரண்டு வயருல காக்கா சிக்கிக் கெடக்கா?" என்று கேட்டுப் போவார்கள்.

எல்லா நீட்டுக்கும் மேலே ஒன்று இருந்தது. எண்பத்தாறு பங்குனியில் பரளச்சியில் வாசித்தது. கரகம் கோயிலுக்கு வந்து சேர்கிற அந்தி நேரம். நீட்டு பாதி ஓடும்போது கூட்டத்துக்குள் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்துவிட்டது. சாமி வந்த பிறகு மேளத்தை நிறுத்தக் கூடாது. ஆடி முடித்து, கேட்பதைக் கேட்டு, சொல்வதைச் சொல்லி, நெற்றியில் விபூதி விழுந்து அது மலையேறுகிறவரைக்கும் அடித்தாக வேண்டும். மொக்கையன் நிறுத்தவில்லை, அருஞ்சுனையும் நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணின் மூச்சுக்கு மூச்சு கிடாரை வளைத்து, அவளை ஏற்றி இறக்கி, கடைசியில் குலவைச் சத்தத்துக்கு நடுவே கொண்டுபோய் விட்டான். அன்றைக்குச் செல்லப்பாண்டியின் டேப்பில் பாட்டரி தீர்ந்துபோயிருந்தது. நல்லகண்ணு வரவில்லை. பதிந்தது காளீஸ்வரன் மட்டும். தொடக்கத்தில் கிடாருக்கு முன்னால் அவனுடைய தும்மல் ஒன்று விழுந்திருக்கும். அதுவும் பொருத்தமாகத்தான் இருந்தது.

எண்பத்தெட்டில் அருஞ்சுனை மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். குழு கலைந்தது. இனி நீட்டு என்றால் இருக்கிற கேசட்டுகள்தான். அதுவரை கைமாறிக்கொண்டிருந்தவை அதற்குப் பிறகு இன்னும் வேகமாகக் கைமாறின. பரளச்சி நீட்டை மட்டும் காளீஸ்வரன் கொடுக்கவில்லை. மற்றவர்களிடம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டவன், இதைக் கேட்டால் "ஓட ஓடத் தேஞ்சு போகும்டா, வேணும்னா வீட்டுக்கு வந்து கேளுங்க" என்பான். எல்லோரும் தங்கள் கேசட்டின் முதுகில் இருக்கிற பிளாஸ்டிக் பல்லை ஒடித்து வைத்திருந்தார்கள். பல்லை ஒடித்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. அந்தக் கேசட்டில் மட்டும் பல் ஒடிக்கப்படாமல் இருந்தது. சாமி பேசிய கேசட்டை நாம் ஊனப்படுத்துவதா என்று அவனுக்கு ஓர் எண்ணம்.

நல்லகண்ணு மட்டும் விடாமல் கேட்டு, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கிப் போனான். காப்பி எடுக்கக் கூடாது என்று பேச்சு. மறுநாளே திருப்பியும் கொடுத்துவிட்டான். சில மாதம் கழித்துச் செல்லப்பாண்டி டீக்கடையில் வைத்து, "பரளச்சி நீட்டு நாங்களும் கேட்டுட்டோம்ல" என்று கண்ணடித்தான். எங்கே என்றால், "காத்துல வந்துச்சு" என்றான். விளையாட்டுக்குச் சொன்னானோ என்னவோ. காளீஸ்வரன் அன்றைக்கே பஸ் ஏறி மல்லாங்கிணற்றுக்குப் போனான்.

"நீ காப்பி எடுத்திருக்க."

நல்லகண்ணு மிஷினை நிறுத்தவில்லை. "உன் தும்மலத் திருடி நான் என்னலே பண்ணப் போறேன்? சட்டைக் காலரா வச்சுத் தைக்கப் போறேனா?"

"எடுக்கலேல்ல? அப்ப கருப்பசாமி முன்னால வந்து சொல்லு."

மிஷின் நின்றது. கடையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேசட்டுக்கா கருப்பசாமி?"

"கேசட்டுக்குத்தான்."

திருச்சுழி போகிற வழியில் கண்மாய்க்கரையில் இருக்கிறது அந்தக் கோயில். நிலத் தகராறு, களவு, பெண்டு பிள்ளை விவகாரம் என்று வேறு வழியில்லாதவர்கள் போகிற இடம். கேட்கிறவன் கற்பூரம் கொளுத்த வேண்டும், மறுக்கிறவன் அதை அடித்து அணைக்க வேண்டும். காளீஸ்வரன் கொளுத்தினான். நல்லகண்ணு உள்ளங்கையால் ஒரே அடியில் அணைத்தான். "நான் எடுக்கல. பொய்னா கருப்பசாமி பாத்துக்கிடட்டும்" என்றான். கையைத் துடைத்துக்கொண்டு, காளீஸ்வரனைத் திரும்பிப் பார்க்காமல் தனியாக நடந்து பஸ் ஏறிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் அதோடு சரி.

கனகலட்சுமிக்கு நீட்டு ஆகாது. "நாயி கனவுல ஊளையிடுற மாதிரி இருக்கு" என்பாள். அவள் கடைக்கோ கோயிலுக்கோ போகிற நேரம் பார்த்துத்தான் அவன் டேப்பைப் போடுவான். தொண்ணூற்றொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, அவள் கொல்லையில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுரல் சத்தத்தில் கேட்காது என்று நினைத்துப் பரளச்சி நீட்டைப் போட்டான். உறுமி ஏறியது. டேப்பில் அந்தப் பெண் 'ஏய்' என்று முதல் குரல் கொடுத்தாள். அதே குரல் கொல்லையிலிருந்தும் வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தான். கனகலட்சுமி கையில் மாவு வழிய நின்றுகொண்டிருந்தாள். தலை சுழன்றது, கொண்டை அவிழ்ந்து கிடந்தது, காலடி உறுமிக்குச் சரியாக விழுந்தது. அவள் பிறந்த வீட்டில் யாருக்கும் சாமி வந்ததில்லை. நான்கு வயதுப் பிள்ளை சுகப்பிரியா பூனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்று அழுதாள். காளீஸ்வரனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதறினால் எவனும் செய்வதைத்தான் அவனும் செய்தான். ஓடி வந்து டேப்பை நிறுத்தினான்.

கனகலட்சுமி நின்றாள். விழவில்லை, அழவில்லை. கூடத்துக்கு வந்து, தன் சொந்தக் குரலில், "ஏன் நிறுத்துனீக?" என்று கேட்டாள்.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சுந்தராம்பாளக்கா தலையிலடித்துக்கொண்டாள். "சாமி வந்த பெறகு மேளத்த நிறுத்துவாகளா? அடப்பாவி, எறங்குனது எப்பிடி ஏறும்? போடு தம்பி, திரும்பப் போடு!"

அவன் பார்க்காமலே அவசரமாக அழுத்தினான். ஓட விடுகிற பொத்தானும் பதிகிற சிவப்புப் பொத்தானும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் சேர்ந்து அமுங்கிவிட்டன. கேசட் சுற்றியது, சத்தம் வரவில்லை. ஒலிபெருக்கி கெட்டுவிட்டதென்று திருகிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், சுந்தராம்பாளக்கா திட்டிக்கொண்டே இருந்தாள். விஷயம் புரிந்தபோது கேசட் அந்தப் பக்கத்தின் முடிவுக்கு வந்து 'டக்' என்று நின்றது. பல் ஒடித்திருந்தால் சிவப்புப் பொத்தான் அமுங்கியே இருக்காது.

பின்னால் சுற்றிப் போட்டுக் கேட்டான். கிடார், உறுமி, அந்தப் பெண்ணின் குரல், எல்லாம் ஏறி ஏறி வந்து ஓர் இடத்தில் அறுந்தது. அதற்கப்புறம் அவன் வீடு. பிள்ளையின் அழுகை, சுந்தராம்பாளக்காவின் ஏச்சு, தட்டுகிற சத்தம். இவற்றுக்கெல்லாம் அடியில் கனகலட்சுமி சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கனகலட்சுமி எதையும் குறைவைக்கவில்லை. சமைத்தாள், துவைத்தாள், பிள்ளைக்குச் சடை பின்னினாள். ஆனால் சடை பின்னுகிற விரல்கள் உறுமித் தாளத்தில் போயின. சோறு போட்டுவிட்டு, கரண்டியும் கையுமாக வாசல் பக்கம் பார்த்தபடி நிற்பாள். என்ன என்று கேட்டால், யாரையோ காக்க வைத்துவிட்ட கூச்சத்தோடு, "ஒண்ணுமில்ல" என்பாள். தெருக்கம்பத்து வயர் காற்றில் ரீங்கரித்தால் வேலையை விட்டுவிட்டு அதற்கடியில் போய் நிற்பாள். குழம்பில் உப்பு ஒருநாள் இருக்காது, ஒருநாள் அள்ளிக் கொட்டியிருக்கும். சொன்னால், "எனக்கு ருசி தெரியலைங்க. சாப்பிடுறது நான் மட்டும் இல்லேல்ல" என்றாள். அதை அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் காளீஸ்வரனுக்குத் தாங்கவில்லை. ஒருநாள் சுகப்பிரியா அவனிடம் வந்து, "அப்பா, அம்மா என்னப் பாக்கும்போது வேற யாரோவும் பாக்குறாங்க" என்றது.

ஆள் இளைத்துக்கொண்டே வந்தாள். பெரியாஸ்பத்திரியில் சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் கொடுத்தார்கள். கோடாங்கி வந்து உடுக்கை அடித்தார். கனகலட்சுமி அவரைப் பாவமாகப் பார்த்து, "இது அந்த மேளம் இல்லீகளே, ஐயா" என்றாள். அவரும் அதை ஒப்புக்கொண்டு எழுந்து போனார்.

காளீஸ்வரன் திருச்சுழிப் பக்கம் போய் மொக்கையனைத் தேடிப் பிடித்தான். குழு கலைந்த பிறகு அவர் கரிமூட்டம் போடுகிற வேலைக்குப் போய்விட்டார். உறுமித் தோல் காய்ந்து தொங்கியது. வேறொன்று இரவல் வாங்கிக்கொண்டு வந்து, காலை வெயிலில் முற்றத்தில் உட்கார்ந்து அடித்தார். கனகலட்சுமிக்குத் தோள் குலுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. அத்தோடு நின்றது. அவர் கை ஓய்ந்து போய்க் கோலைக் கீழே வைத்தார்.

"தம்பி, எனக்கு முன்னால அந்தக் கம்பிச் சத்தம் போகும். நான் பின்னால போவேன். அவன் இல்லாம நான் எங்கிட்டுப் போறது?"

"அன்னைக்குக் கடைசியில என்ன அடிச்சீகன்னு ஞாபகம் இருக்கா அண்ணே?"

"வாசிச்சவனுக்கு எங்க ஞாபகம் இருக்கும்? கேட்டவன் நீ. நீதான வச்சிருந்திருக்கணும்."

அவருக்குச் சோறு போட்ட கனகலட்சுமி, "உங்களால ஆனதப் பண்ணுனீக" என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவைத்தாள்.

இனி இருப்பது ஒரே வழி. நல்லகண்ணு பொய்ச் சத்தியம் செய்திருக்க வேண்டும். எவனைத் திருடன் என்று சொல்லி நட்பை முறித்துக்கொண்டானோ, அவன் உண்மையிலேயே திருடனாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே காளீஸ்வரன் மல்லாங்கிணற்றுக்கு பஸ் ஏறினான்.

கடையில் நல்லகண்ணு மட்டும் இருந்தான். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. காளீஸ்வரன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். நல்லகண்ணு மிஷினிலிருந்து துணியை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்ப எப்பிடி இருக்கு அவுகளுக்கு?"

"எலும்பாத் தேஞ்சுட்டா. நல்லகண்ணு, நீ எடுத்தேன்னு மட்டும் சொல்லு. நான் உன் கால்ல விழுந்துர்றேன்."

"நான் கற்பூரத்த அணைச்சேன்லடா."

"அத விடுறா."

"எப்பிடி விட? கொளுத்துனது யாரு, நான்தானா?"

காளீஸ்வரனுக்கு மூக்கில் நீர் வழிந்தது. அது வத்தலா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை.

நல்லகண்ணு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "எடுத்திருக்கேன்னு சொன்னா நான் பொய்ச் சத்தியக்காரன். எனக்கும் பிள்ளைக இருக்கு. எடுக்கலேன்னு சொன்னா உன் பொண்டாட்டி சாவ நான் பாத்துக்கிட்டு இருக்கணும். என்னைய எங்க கொண்டாந்து நிறுத்தியிருக்க பாத்தியா நீ? வீட்டுக்குப் போ. அவுகளத் தனியா விடாத."

மறுவாரம் பஸ் ஸ்டாண்டில் மல்லாங்கிணறு வழி வருகிற பஸ்ஸின் டிரைவர், வத்தல் கடைக்குச் சொல்லியனுப்பினார். நியூஸ் பேப்பரில் சுற்றிய கேசட். பெயர் எழுதவில்லை.

"யாரு அண்ணே குடுத்தது?"

"ஏதோ ஒரு ஊரு விலக்கு ரோட்டுல வண்டி நின்னப்ப சன்னல் வழியா நீட்டுனாக. வத்தல் கடைத் தும்மல்காரருக்குன்னு சொன்னாக. நான் எதுத்தாப்புல வந்த லோடு லாரியப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எந்த விலக்கு?"

"எல்லா விலக்குலயுந்தான் நிக்கிறேன்."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"கை" என்றார் டிரைவர். "கைதான்யா வந்துச்சு."

வெள்ளிக்கிழமை காலை வீட்டை மெழுகி, சுந்தராம்பாளக்கா விபூதித் தட்டோடு தயாராக நின்றாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். கேசட் எந்த இடத்தில் சுற்றி நிறுத்தப்பட்டிருந்ததோ அந்த இடத்திலிருந்தே ஓட விடச் சொன்னாள் கனகலட்சுமி. இந்தத் தடவை காளீஸ்வரன் பொத்தானை ஒரே விரலால், பார்த்து அழுத்தினான்.

சரியாக அவன் நிறுத்திய இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து அது தொடங்கியது. அனுப்பியவருக்கு எந்த இடம் வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. உறுமி கேட்டது. கிடார் வந்தது. கனகலட்சுமி எழுந்தாள். அவன் காது தன்னையறியாமல் ஒரு தையல் மிஷின் சத்தத்தைத் தேடியது. இல்லை. எந்த வீட்டுச் சத்தமும் இல்லை. அவனுடைய கேசட்டில் கிடார்தான் பக்கத்தில் கேட்கும், உறுமி தள்ளிக் கேட்கும். இதில் உறுமி காதுக்குள் அடித்தது, கிடார் தூரத்தில் கிடந்தது. பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து பதிந்த மாதிரி. அல்லது அவனுக்கு அப்படித் தோன்றியது. அவன் அப்போது கனகலட்சுமியைப் பார்ப்பானா, டேப்பைக் கேட்பானா?

டேப்பிலிருந்த பெண், "குளுந்துட்டேன்டா, போயிட்டு வாரேன்" என்றாள். அதே சமயத்தில் கனகலட்சுமியும் அதையே சொன்னாள். இரண்டு குரலும் பிசிறில்லாமல் ஒன்றாக விழுந்தன. சுந்தராம்பாளக்கா குலவையிட்டாள், டேப்புக்குள்ளேயும் குலவை எழும்பியது. விபூதி விழுந்ததும் கனகலட்சுமி மடங்கிச் சரிந்தாள். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"பசிக்குது" என்றாள். பழைய சோற்றை ஊறுகாயோடு கொடுத்தார்கள். ஒரு வாய் வைத்துவிட்டு, "எலுமிச்சங்கா கெட்டுப் போயிருச்சு. யாரு மூடி வைக்கல?" என்று கேட்டாள். காளீஸ்வரன் கொல்லைப் பக்கம் போய் நின்று அழுதான்.

திரும்பி வந்தவன் டேப் முன்னால் உட்கார்ந்தான். பின்னால் சுற்றித் தொடக்கத்தைக் கேட்டால் போதும். கிடாருக்கு முன்னால் தும்மல் இருந்தால் இது அவன் கேசட்டின் காப்பி, நல்லகண்ணு பொய்ச் சத்தியம் செய்தவன். தும்மல் இல்லையென்றால் அன்றைக்கு வேறு யாரோ பதிந்திருக்கிறார்கள். நல்லகண்ணு அலைந்து தேடி வாங்கியிருக்க வேண்டும். அப்படியானால் யோக்கியனைத்தான் சாமி முன்னால் நிறுத்தியிருக்கிறான். பொத்தான்மேல் விரலை வைத்தான்.

"திரும்பச் சுத்தாதீக" என்றாள் கனகலட்சுமி. சோற்றுக் கையோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏறிப்போனது திரும்ப எறங்கிரும்."

விரலை எடுத்தான். சாமி மலையேறிய பொருள் வீட்டில் இருக்கக் கூடாது என்று சுந்தராம்பாளக்கா கேசட்டை மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள். ஊருக்கு வெளியே ஒரு பாழுங்கிணற்றில் அவனே கொண்டுபோய்ப் போட்டான். தன்னுடைய கேசட்டையும் சேர்த்துத்தான் போட்டான். தண்ணீர் வெகு ஆழத்தில் இருந்தது. சத்தம் வரும் என்று நின்று பார்த்தான். வரவில்லை.

மல்லாங்கிணற்றுக்குப் போய் நல்லகண்ணுவிடம், "கனகா பொழைச்சுக்கிட்டா" என்றான்.

"நல்லது. வேற யாரும் குடுத்தாகளா?"

"நீதான குடுத்த?"

"நானா? நல்ல கதையா இருக்கே."

"வாடா, கருப்பசாமி கோயிலுக்குப் போவோம். நான் கேட்ட சத்தியத்த நானே எடுத்துக்கிடுறேன்னு சொல்லி எறக்கி வச்சிருவோம். வாங்குனவன் எடுத்தா தீந்துரும்னு பூசாரி சொல்றாரு. நீ ஒரு வார்த்தை, 'அன்னைக்குத் தப்பாச் சொல்லிட்டேன்'னு சொன்னாப் போதும்."

"தப்பாச் சொல்லாதவன் என்னத்தச் சொல்லடா?" என்று நல்லகண்ணு சிரித்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் காளீஸ்வரனை ஆட்டியது. "உக்காரு. டீ சொல்றேன்."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் போக ஆரம்பித்தான். கேசட் எதுவும் போடுவதில்லை. பேச்சு மழை, பருத்தி விலை, பிள்ளைகள் படிப்பு என்று போகும். நல்லகண்ணுவின் மகனுக்குக் காய்ச்சல் என்றால் காளீஸ்வரனுக்குச் சாப்பாடு இறங்காது. அவன் வீட்டு ஆடு செத்தால்கூட ஒரு வாரம் முகம் வாடிக் கிடக்கும். மல்லாங்கிணறு பஸ்ஸில் இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, வத்தல் எடையை இரண்டு தடவை தப்பாகச் சொல்லி முதலாளியிடம் ஏச்சு வாங்கினான்.

"அவருக்குத்தான் ஒண்ணும் ஆகலையே, நீங்க ஏன் கெடந்து சாகுறீக?" என்பாள் கனகலட்சுமி. அவள் தேறிச் சதை போட்டிருந்தாள். எந்த மேளம் கேட்டாலும் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாள் என்பது தவிர மற்றதெல்லாம் பழையபடிதான்.

தொண்ணூற்றாறில் நல்லகண்ணுவுக்கு ஊசி கோக்க முடியாமல் போனது. சர்க்கரை வெகுநாளாக இருந்திருக்கிறது, பார்க்காமல் விட்டிருக்கிறான். கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். "சர்க்கரைன்னா சர்க்கரைதான். ஊருக்கு ரெண்டு பேருக்கு இருக்கு" என்றாள் கனகலட்சுமி. சொல்லிவிட்டு அவளும் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

மதுரைக் கண்ணாஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனது காளீஸ்வரன்தான். கட்டுப் பிரிக்கிற காலையில் வராந்தாவில் நின்று அவன் கருப்பசாமியிடம் கேட்டது நல்லகண்ணுவின் பார்வையை மட்டுமல்ல. இரண்டு கண்ணும் வந்துவிட்டால் அவன் பொய் சொல்லவில்லை, வராவிட்டால் சொன்னான். ஏதோ ஒன்று இன்றைக்குத் தெரிந்துவிட வேண்டும். தெரிந்துவிட்டால் அதோடு இருந்துகொள்ளலாம் என்று நினைத்தான்.

ஒரு கண் வந்தது. மற்றது வரவில்லை. டாக்டர் முன்பே அப்படித்தான் சொல்லியிருந்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் நல்லகண்ணு சன்னலோரம் கேட்டு உட்கார்ந்துகொண்டான். தெரிகிற கண் வெளிப்பக்கம் இருந்தது. காரியாபட்டி தாண்டியதும், "கருவேலத்த வெட்டியிருக்கான்க பாரு... அந்தா, புதுசா செங்கச்சூள... ஏலே, இங்கிட்டு மழை பேஞ்சிருக்குடா, மண்ணு கருத்துக் கெடக்கு" என்று பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். சொல்லும்போதெல்லாம் காளீஸ்வரன் பக்கம் திரும்பிச் சிரித்தான். காளீஸ்வரன் தெரியாத கண்ணின் பக்கம் உட்கார்ந்திருந்தான். அந்தக் கண்ணும் சேர்ந்து சிரித்தது.